சில்லுகளின் போர் – 17: ஒயிட்ஃபீல்டு என்றொரு புராசசர்

சென்ற வாரம் 2000-ம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். மார்ச் 6-ம் தேதி ஏஎம்டியின் ஆத்லான் ஒரு ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல்லின் பென்டியம் 3 பக்கத்தில் வந்து நின்றது. அந்த ஆகஸ்டில், அவசரமாக வெளியிட்ட 1.13 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சில வேலைகளில் தடுமாறுகிறது என்று தெரிந்து, இன்டெல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பென்டியம் குழுவை நடத்திய வினோத் தாம் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென்னுக்குப் போனதும், அந்த நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியதும், அங்கிருந்து கே6 வந்ததும் முன்பே பார்த்த கதை.

வேகத்தில் இருவரும் சமம் என்று ஆகிவிட்டது. இன்டெல்லுக்கு அது பொறுக்கவில்லை.

2000 நவம்பர் 20. பென்டியம் 4 வெளியானது.

எத்தனை ஜிகாஹெர்ட்ஸ்?

2003, 2004 வாக்கில் எங்கள் நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் மணிமேடைப் பக்கமும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துதரும் கடைகள் முளைத்திருந்தன. ஓர் அறை, ஒரு மேஜை, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்திறங்கும் மதர்போர்டும் ரேமும். இன்ஜினீயரிங் சேர்ந்த பிள்ளைக்கு வாங்க வந்த தகப்பனார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஜிகாஹெர்ட்ஸ்? கடைக்காரரும் அதற்குத் தயார். “அண்ணாச்சி, மத்த கடையில 2.4 தான் தருவாங்க. நம்ம கிட்ட 2.8 இருக்கு.” வியாபாரம் முடிந்தது.

நாகர்கோவிலில் மட்டுமா? உலகம் முழுக்க இப்படித்தான். அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் பென்டியம் 4 கட்டப்பட்டது. ஒரு கட்டளையை நிறைவேற்றும் வேலையை பென்டியம் 3 சுமார் பத்துப் படிகளாகப் பிரித்துச் செய்தது. பென்டியம் 4 இருபது படிகளாகப் பிரித்தது. படி சிறிதானால் கடிகாரத் துடிப்பை வேகமாக்கலாம். எண் ஏறும்.

கான்கிரீட் வார்ப்பு நாளில் சட்டி கைமாற்றும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை நெருக்கி நிறுத்தினால் ஒவ்வொருவர் கையும் போகவேண்டிய தூரம் குறையும்; சட்டி பறக்கும். ஆனால் திடீரென்று கொத்தனார் “இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் கொண்டு போ” என்றால், வரிசையில் இருக்கும் அத்தனை சட்டியும் வீண். ஆள் கூடக் கூட வீணும் கூடும். புராசசரும் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்துத்தான் வரிசையை நிரப்புகிறது. ஊகம் தப்பினால் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். செலவான மின்சாரம் செலவானதுதான்.

ஆகவே ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கு பென்டியம் 4 செய்த வேலை ஆத்லான் செய்ததைவிடக் குறைவு. ஏஎம்டிக்கு இது தெரியும். கடைக்கு வரும் தகப்பனாருக்கு எப்படிச் சொல்வது? 2001 அக்டோபரில் ஒரு தந்திரம் செய்தார்கள். 1.53 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் ஆத்லான் எக்ஸ்பிக்கு ‘1800+’ என்று பெயர் வைத்தார்கள். வேகத்தைச் சொல்லாமல், எதற்குச் சமம் என்று சொல்லும் பெயர். கொஞ்சம் குறும்புதான். ஆனால் சொன்ன சேதி உண்மை.

அப்படியும் நம்மூர்க் கடைகளில் ஏஎம்டி என்றாலே, “அது சூடாகும்” என்று ஒதுக்கிவிடுவார்கள். பழைய ஆத்லான்கள் சூடானவைதான். அந்தப் பேச்சு ஏஎம்டியை விட்டுப் போகவேயில்லை. நிலைமை தலைகீழாக மாறிய பிறகும்!

90 நானோமீட்டர்

2001 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சில்லு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இதே போக்கில் போனால் சில்லின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எழும் வெப்பம் சில ஆண்டுகளில் அணு உலையின் அளவையும், பிறகு ராக்கெட் குழாயின் அளவையும் தொட்டு, அதற்கும் பிறகு சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்றார். எச்சரித்தவர் இன்டெல் ஆள். எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் ஓடியதும் இன்டெல்தான்.

ஏன் ஓடினார்கள்? முப்பது ஆண்டு அனுபவம் தந்த தைரியம். சில்லு எடுக்கும் மின்சாரம் துடிப்பு வேகத்தோடு ஏறும்; மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1974-ல் ஒரு விதி வகுத்துக் கொடுத்திருந்தார்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டு வந்தால் வெப்பம் கட்டுக்குள் நிற்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது பலித்தது. வேகம் இலவசமாகக் கிடைத்தது.

90 நானோமீட்டர் அளவில் சில்லு செய்யத் தொடங்கியபோது அது பலிக்கவில்லை. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதாகிவிட்டதால், அணைத்து வைத்தாலும் அதன் வழியே மின்சாரம் கசிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டர் திறக்கும் அளவையும் இறக்க வேண்டும்; இறக்கினால் கசிவு இன்னும் கூடும். சும்மா இருக்கும் சில்லே சூடாகத் தொடங்கியது.

2004 பிப்ரவரி 2. 90 நானோமீட்டரில் செய்த புதிய பென்டியம் 4 வெளியானது. அதன் உள்பெயர் பிரெஸ்காட். படிகள் 20-லிருந்து 31 ஆகியிருந்தன. முந்தைய தலைமுறையின் 3.2 ஜிகாஹெர்ட்ஸ் சில்லுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 82 வாட். பிரெஸ்காட்டின் 3.4 ஜிகாஹெர்ட்ஸ் சில்லுக்கு 103. மேல்படியில் இருந்தவற்றுக்கு 115. இத்தனைக்கும் பல வேலைகளில் அது பழையதைவிட வேகமாகக்கூட ஓடவில்லை.

சித்திரை வெயிலில் அந்தச் சில்லு இங்கே என்ன பாடுபட்டது என்பது அசெம்பிள் கடைக்காரர்களுக்குத் தெரியும். பெட்டியின் பக்கத் தகடைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து ஓட்டுவது அந்நாளில் சாதாரணக் காட்சி.

2004 மே 7-ம் தேதி இன்டெல் தன் அடுத்த புராசசரைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரெஸ்காட்டைவிடவும் வேகமாக ஓட வேண்டிய அதன் உள்பெயர் டேஜாஸ். அது வெளியே வரவேயில்லை.

அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு. வாக்குக் கொடுத்திருந்த 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வராது. சில நாள் கழித்து, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த தொழில்துறை மாநாட்டு மேடையில், இன்டெல்லின் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட், ஆயிரக்கணக்கான தகவல்தொழில்நுட்ப மேலாளர்கள் பார்த்திருக்க, முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

விளையாட்டாகச் செய்ததுதான். கூட்டம் சிரித்தது. ஆனால் உலகின் மிகப்பெரிய சில்லு நிறுவனத்தின் தலைவர் ஓர் எண்ணுக்காக மண்டியிட்டார் என்பது மாறாது. ஜிகாஹெர்ட்ஸ் யுகம் முடிந்த நாள் என்று எதையாவது குறிக்க வேண்டுமானால் நான் அந்த நாளைத்தான் குறிப்பேன்.

சர்வர் அறையில் ஓட்டை

இன்டெல் வீட்டுக் கம்ப்யூட்டரில் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஏஎம்டி வேறு வாசல் வழியே நுழைந்திருந்தது. 2003 ஏப்ரல் 22-ம் தேதி ஆப்டெரான் வந்தது. அதுவரை சர்வர் சந்தையில் ஏஎம்டிக்குச் சொல்லிக்கொள்ளும்படி இடமே கிடையாது.

ஆப்டெரானின் பலம் இரண்டு. பழைய மென்பொருளை அப்படியே ஓட்டிக்கொண்டு 64 பிட்டுக்கு மாறலாம். இதைப் பார்த்து இன்டெல்லே அடுத்த ஆண்டு அந்த வழிக்கு வர நேர்ந்தது. இரண்டாவது, நினைவகத்தோடு பேசும் பகுதி சில்லுக்குள்ளேயே இருந்தது. இன்டெல் சர்வரில் எல்லாப் புராசசர்களும் ஒரே பொதுப் பாதை வழியாக வெளியே உள்ள இன்னொரு சில்லைத் தொடர்புகொண்டுதான் நினைவகத்துக்குப் போகவேண்டும். நெரிசல் அங்கேதான்; அந்தச் சில்லுக்குத் தனி மின்சாரமும் வேண்டும்.

2005 ஏப்ரலில் ஆப்டெரானுக்கு இரண்டு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் இரண்டு புராசசர், வந்தது. இன்டெல் அடுத்த மாதமே தன் இரட்டைக் கோர் பென்டியம் டி-யை இறக்கியது. இரண்டு பிரெஸ்காட்டுகள் ஒரே கூரையின் கீழ். 130 வாட்!

வீட்டில் ஒரு பெட்டி 30 வாட் கூடுதலாக எடுத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பத்தாயிரம் சர்வர் வைத்திருப்பவர் கவலைப்படுவார். ஒவ்வொரு வாட்டும் அறையைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு மறுபடி மின்சாரம். இப்படியே போனால் சர்வரின் விலையைவிட அதை ஓட்டும் மின்சாரச் செலவு அதிகமாகிவிடும் என்று கூகுளின் பொறியாளர் லூயிஸ் பரோசோ 2005-ல் எழுதினார். சர்வர் வாங்கும் அதிகாரியின் கேள்வி மாறிவிட்டது. எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்பது போய், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று கேட்கத் தொடங்கினார்.

அதே கேள்வியை 2005 ஜூன் 6-ம் தேதி இன்னொருவர் மேடையிலேயே கேட்டார். ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களை ஐபிஎம் சில்லிலிருந்து இன்டெல்லுக்கு மாற்றப்போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்த நாள் அது. ஐபிஎம்மின் ஜி5 புராசசர் மடிக்கணினிக்குள் போக முடியாத அளவுக்குச் சூடானது. ஐபிஎம்மின் பவர்பிசி பாதையில் ஒரு வாட்டுக்கு 15 பங்கு வேலை, இன்டெல் காட்டும் பாதையில் 70 பங்கு என்று ஜாப்ஸ் கணக்குச் சொன்னார்.

இடிக்கிறதல்லவா? வாட்டை அள்ளிக் குடிக்கும் இன்டெல்லிடமா வாட் சேமிக்கப் போனார்?

ஜாப்ஸ் பார்த்தது வேறு இன்டெல். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த சிறு குழு, மடிக்கணினிக்கென்று பழைய பென்டியம் 3-ன் வழியில் ஒரு சில்லைச் செய்திருந்தது. 2003 மார்ச்சில் வெளியான பென்டியம் எம். துடிப்பு 1.6 ஜிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 25 வாட்டுக்கும் கீழ். வேலையில் தன்னைவிட எவ்வளவோ பெரிய எண் போட்ட பென்டியம் 4-களுக்கு ஈடுகொடுத்தது.

ஒதுக்குப்புறத்தில் கிடந்த அந்தச் சில்லைத்தான் இன்டெல் இப்போது தலைக்குமேல் தூக்கியது. 2005 மே மாதம் பொறுப்பேற்ற புதிய தலைமை அதிகாரி பால் ஒட்டெலினி, ஆகஸ்டில் முடிவை அறிவித்தார். பென்டியம் 4-ன் கட்டமைப்பு ஓய்வு பெறும். மடிக்கணினி, மேசைக் கணினி, சர்வர் மூன்றுக்கும் ஹைஃபா வழியில் வந்த புதிய கோர். அளவுகோல், வாட்டுக்கு எவ்வளவு வேலை.

இங்கேதான் நம் கதைக்குள் பெங்களூர் வருகிறது.

பெங்களூரிலிருந்து

இன்டெல் தன் சில்லுகளுக்கு ஊர்ப்பெயர், ஆற்றின் பெயர் வைத்து அழைப்பது வழக்கம். பெங்களூரின் கிழக்கே ஐடி வளாகங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டின் பெயர் ஒரு சில்லுக்குக் கிடைத்தது. காரணம், அதை வடிவமைத்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள்.

அதுவரை இந்தியப் பொறியாளர்கள் உலகின் பெரிய சில்லுகளில் ஏதோ ஒரு பகுதியைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பகுதியைச் சோதிப்பது, ஒரு பகுதியை வரைவது. ஒயிட்ஃபீல்டு அப்படியல்ல. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை இங்கே. நூற்றுக்கணக்கானவர்கள் அதில் உழைத்தார்கள்.

வைத்த இலக்கும் சிறியதல்ல. நான்கு கோர். வாட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புதிய வகைக் கோர். அதோடு, ஆப்டெரானுக்குப் பதில் சொல்லும்படியாக, அந்த நெரிசலான பொதுப் பாதையைத் தூக்கி எறிந்துவிட்டு, புராசசர்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் புதிய இணைப்பு. 2007-ல் வரவேண்டும் என்று திட்டம். ஏஎம்டி திறந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு பெங்களூரின் தோளில்.

2005 அக்டோபர் 24.

இன்டெல் தன் சர்வர் திட்டத்தில் மாற்றங்களை அறிவித்தது. ஒயிட்ஃபீல்டு ரத்து. அதற்குப் பதில் டைகர்டன் என்றொரு சில்லு வரும். புதிய இணைப்பு பிறகு பார்த்துக்கொள்ளப்படும்.

ஒட்டெலினி மேடையில் வாட் பேசி இரண்டே மாதம். வாட்டுக்காகவே பிறந்த ஒரு சில்லு, நிறுவனம் வாட் பக்கம் திரும்பிய அதே பருவத்தில் கைவிடப்பட்டது.

பெங்களூர்க் குழுவுக்குத் திறமை போதவில்லை என்று அன்றைக்குச் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய கோர், புதிய இணைப்பு, முழுச் சில்லை முதல்முறையாகச் செய்யும் புதிய குழு என்று மூன்று புதுமைகளையும் ஒரே தோளில் ஏற்றியது மேலிடத்தின் முடிவு. அந்த இணைப்பை இன்டெல்லின் அனுபவமிக்க குழுக்களே 2008 நவம்பர் வரை சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை என்பது என் பக்கத்துச் சாட்சி. டைகர்டன் பாதுகாப்பான வழி. இரண்டிரண்டு கோர் கொண்ட இரு சில்லுகளை ஒரே உறைக்குள் ஒட்டி, பழைய பாதையையே கொஞ்சம் அகலப்படுத்தி, 2007 செப்டம்பரில் வந்து சேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தை ஏஎம்டி வீணாக்கவில்லை. 2006-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் மின்னணு விளம்பரப் பலகை ஒன்றை ஏற்றியது. ஆப்டெரானுக்குப் பதிலாக இன்டெல் சர்வர்களை ஓட்டியதால் உலகம் வீணாக்கிய மின்கட்டணம் எவ்வளவு என்று டாலர் எண் அதில் ஓடிக்கொண்டே இருந்தது. விளம்பரக் கணக்குதான், ஆனால் சுட்டது. அந்த ஆண்டு சர்வர் சந்தையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏஎம்டி கையில். அதுவரை இன்டெல்லைத் தவிர வேறு யாரையும் அண்டாத டெல் நிறுவனம்கூட மே மாதத்தில் ஆப்டெரான் சர்வர் விற்கப்போவதாகச் சொன்னது. தள்ளுபடி காட்டி வியாபாரிகளை இன்டெல் கட்டிப்போடுகிறது என்று ஏஎம்டி அதற்கு முந்தைய ஆண்டே வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்கு தனி அத்தியாயம்.

65 வாட்

ஏஎம்டியின் வசந்தம் நீளவில்லை.

ஹைஃபா வழியில் வந்த கோரோடு இன்டெல் திரும்பி வந்தது. 2006 ஜூன் 26-ல் சர்வருக்கு உட்கிரெஸ்ட். ஜூலை 27-ல் மேசைக் கணினிக்குக் கோர் 2 டுவோ. பென்டியம் டி-யைவிட 40 சதவீதம் கூடுதல் வேலை, 40 சதவீதம் குறைந்த மின்சாரம் என்று இன்டெல் சொன்னது. சோதித்துப் பார்த்தவர்களும் மறுக்கவில்லை. வெப்ப அளவு 65 வாட்.

வடசேரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 ஜிகாஹெர்ட்ஸ் பிரெஸ்காட்டுக்குக் குறித்த அளவு 89 வாட். ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து பெட்டி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால், புராசசரில் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 3 யூனிட் மிச்சம். மாதம் 86 யூனிட். எந்நேரமும் முழு மூச்சில் ஓடினால் வரும் உச்சக் கணக்கு இது. அந்தக் குறைந்த மின்சாரத்திலும் ஒன்றுக்கு இரண்டு கோர் வேறு. இரண்டு ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வெட்டு வந்தபோது, யூபிஎஸ் பேட்டரியில் கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு இருந்தது. (ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, பக்கத்து ஊரில் யூபிஎஸ்சை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

ஏஎம்டி வெலவெலத்தது. அதே ஜூலையில் கிராஃபிக்ஸ் நிறுவனமான ஏடிஐ-யை 540 கோடி டாலருக்கு வாங்கி, கழுத்தளவு கடனில் இறங்கியது. 2007 செப்டம்பரில் வந்த அதன் நான்கு கோர் ஆப்டெரானில் ஒரு பிழை இருந்தது. அதைச் சரிசெய்து முழுவீச்சில் விற்பதற்குள் மாதங்கள் ஓடின. புராசசர் எத்தனை வாட் என்று அளப்பதற்கே ஏஎம்டி தனக்கென்று ஒரு புதிய அளவைக் கொண்டுவந்தது. விளம்பரச் சண்டையில் ஜிகாஹெர்ட்ஸ் இருந்த இடத்துக்கு வாட் வந்துவிட்டது.

பெங்களூர்? கலையவில்லை. ஒயிட்ஃபீல்டில் கற்றதை வைத்துக்கொண்டு அடுத்த சில்லில் இறங்கினார்கள். பழைய பொதுப் பாதையில் ஓடும், ஆனால் ஆறு கோர் கொண்ட டன்னிங்டன். 190 கோடி டிரான்சிஸ்டர். மேல்ரகத்துக்கு 130 வாட்; வாட் முக்கியம் என்பவருக்கு அதே ஆறு கோரை 65 வாட்டில் ஓட்டும் ரகமும் உண்டு. இந்த முறை யாரும் ரத்து செய்யவில்லை.

ஜியான் 7400 என்ற பெயரில் டன்னிங்டன் வெளியானது. முழுக்க இந்தியாவில் வடிவமைத்து இன்டெல் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் புராசசர். தேதி, 2008 செப்டம்பர் 15.

அன்றுதான் நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது.

ஆறு கோர் சர்வரின் பெரிய வாடிக்கையாளர்களில் வங்கிகள் முக்கியமானவை. அவை ஒன்றையொன்று நம்பாமல் கைகட்டி நின்றன. பெங்களூரின் முதல் சில்லைப் பற்றிய செய்தி உள்பக்கத்துக்குப் போனது.

இன்டெல்லிடம் பணம் இருந்தது, தாங்கிக்கொண்டது. ஏஎம்டியிடம் இல்லை. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 7-ம் தேதி, ஏஎம்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் சில்லு ஆலைகளையெல்லாம் தனி நிறுவனமாகப் பிரித்து, அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்போகிறது. இனி ஏஎம்டி வடிவமைக்கும், செய்துதருவது வேறொருவர்.

அடுத்த நானோமீட்டருக்கு யார் முதலில் போகிறாரோ அவருக்கே குறைந்த வாட். அந்த ஓட்டத்தில் இன்டெல்லிடம் சொந்த ஆலைகள், அன்றைக்கு உலகிலேயே சிறந்தவை. ஆலையைக் கைவிட்டவர் எதை வைத்து ஓடப் போகிறார்?

(அடுத்த வாரம்)